ஸ்பீக்கர் ஓரத்தில் ராமாமணி

மேடையில் மைக்கைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் ராமாமணி முதல் வேலையாகக் காதில் மாட்டியிருக்கும் மிஷினைக் கழற்றுவார். அதைக் கைக்குட்டையில் சுற்றி மணிபர்ஸுக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, மகள் கொடுத்த ஸ்பாஞ்ச் அடைப்பான்களை இரண்டு காதிலும் திருகிக்கொள்வார். பிறகு முன்னால் இருக்கும் இரும்புத் தடுப்பின் மேல் உள்ளங்கையை விரித்து வைப்பார். அவ்வளவுதான், அவருடைய கச்சேரி ஆரம்பம்.

யாராவது வியந்து கேட்டால், "இங்கெ எதுக்குங்க இந்த மிசினு? இது இருந்தாத்தான் ஒண்ணும் கேக்காது" என்பார்.

கோவையில் பனி இறங்கும் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு நடக்கிற இசைத் திருவிழா அது. அவிநாசி சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண்பாதையில் போனால் ஒரு தென்னந்தோப்பும் அதை ஒட்டிய பெரிய புல்வெளியும் வரும். வருகிறவர்கள் பெரும்பாலும் பீளமேட்டுக் கல்லூரிப் பிள்ளைகளும் கம்பெனிக்காரர்களும்தான். கிழிசல் ஜீன்ஸுக்கும் கறுப்புப் பனியனுக்கும் நடுவே வாடாமல்லி நிறச் சேலையும் தலை நிறையக் கனகாம்பரமும் காலில் மகளின் பழைய ஷூவுமாக ஐம்பத்து நான்கு வயதில் ஒருவர் நின்றால், அது ராமாமணி. இந்த வருடம் மூன்றாவது முறை. இடம் மட்டும் மாறாது. மேடைக்கு இடப்பக்கம், ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிய ஸ்பீக்கர்களுக்கு நேர் எதிரே. இளசுகளே ஒரு பாட்டு நின்று பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விடுகிற இடம்.

போன வருடம் காவலுக்கு நின்றவர் வந்து கையைப் பிடித்தே இழுத்தார். "அம்மா, அக்கட்ட போய் நாற்காலில உக்காருங்கம்மா. இங்கெ சத்தந் தாங்காது."

"எனக்குத் தாங்குமுங்க கண்ணு. நான் இதுக்குள்ளயே குடித்தனம் பண்ணுனவ."

அது மிகைப்படுத்திச் சொன்னதல்ல. பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவர்களுக்கு வீடு. வீட்டுச் சுவரை ஒட்டியே தறிக்குடோன். பாலுசாமியைக் கட்டிக்கொண்டு வந்த மறுமாதமே தறியில் நின்றவர் ராமாமணி. விசைத்தறிகள் வரிசையாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் கத்துவதை விட்டுவிட்டு முகத்தால் பேசுவார்கள். ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் விரித்துக் காட்டுவார்கள். நூல் அறுந்தால் இரண்டு விரலில் ஒரு வெட்டு. டீ வந்தால் கட்டை விரல் வாயை நோக்கிச் சாயும். ராமாமணியும் பாலுசாமியும் கல்யாணமான புதிதில் போட்ட சண்டைகள் எல்லாமே தறிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று போட்டவை.

"எங்க சண்டை ஊருக்குக் கேட்டதே இல்லீங்க. மெய்யாலுமே நல்ல ஜோடின்னு நெனச்சுட்டிருந்தாங்க."

காது ஒரே நாளில் போகவில்லை. சிறுகச் சிறுகப் போனது. கனத்த சத்தமெல்லாம் தங்கிவிட, மெல்லிய சத்தங்கள் முதலில் விடைபெற்றுப் போயின. லாரி வருவது தெரியும், கொலுசு வருவது தெரியாது. பேச்சில் ஓசை விழும், எழுத்து விழாது. பணம், மணம், கணம் மூன்றும் அவருக்கு ஒரே சொல். எதிராளி என்ன சொன்னார் என்று மூன்றாவது தடவையும் கேட்க வெட்கப்பட்டு, சிரித்துத் தலையை ஆட்டி "சந்தோசமுங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டார். பெரும்பாலான பேச்சுக்கு அது பொருந்திப்போனது. பொருந்தாத ஒரு நாளும் வந்தது. ஒரு சீமந்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் தன் மாமியார் இறந்துபோனதை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொல்ல, ராமாமணி மலர்ந்த முகத்தோடு "சந்தோசமுங்க, எல்லாம் நல்லபடியா நடக்கட்டும்" என்றுவிட்டார். அந்த அம்மாளின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் தப்பு புரிந்தது.

அதன் பிறகு அவர் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். சொந்தபந்தம், ஒறம்பரை என்று யார் வீட்டுக்கு வந்தாலும் காப்பித் தண்ணியை வைத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார். பாலுசாமிக்கும் காது அதே அளவுக்குத்தான் கேட்கும். ஆனால் அவரைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. பதில் பேசாத ஆண்பிள்ளைக்கு அழுத்தக்காரர் என்று பேர். பதில் பேசாத பெண்பிள்ளைக்குத் திமிர் என்று பேர்.

மகள் லோகப்பிரியா பீளமேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த உடனே அம்மாவுக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்தாள். அது மிக்ஸியை அலறவைத்தது, தட்டம் கழுவுவதை இடியாக்கியது, ஆனால் கூட்டத்தில் ஒருவர் பேசுவதை மட்டும் பிரித்துக் கொடுக்கவில்லை. திடீரென்று கீச்சென்று விசிலடிக்கவும் செய்யும். முதல் வருடம் அவள் திருவிழாவுக்கு அழைத்து வந்ததே வேறு வழியில்லாமல்தான். கூட வருவதாக இருந்த தோழிக்குக் காய்ச்சல். "ஒரு நாளைக்காவது ஊட்ட உட்டு வெளிய வாம்மா" என்று இழுத்து வந்தாள்.

வந்த இடத்தில் ராமாமணி சும்மா தடுப்பில் கையை வைத்தார். டிரம்ஸ்காரர் ஓங்கி அடித்தார். உள்ளங்கையில் ஏறிய அதிர்வு முழங்கை வழியே வந்து விலா எலும்பில் போய் உட்கார்ந்தது.

"நெஞ்சுக்குள்ள தறி ஓடறாப்புல இருக்குது கண்ணு" என்றார் மகளிடம். அவர் கண் இரண்டும் மேடைக்கு மேலிருந்த ராட்சதத் திரையில் இருந்தன. பாடகியின் வாய் அதில் ஒரு கதவு அகலத்துக்குத் தெரிந்தது. டி.வி.யில் வாய் தெரிவதற்குள் ஆடுகிறவர்களைக் காட்டிவிடுவார்கள், இங்கே அப்படியில்லை. பல வருடம் கழித்து ஒரு பாட்டின் வரிகள் முழுதாக அவருக்குக் கிடைத்தன. மறு வருடம் ஐப்பசியிலேயே "டிக்கெட்டுப் போட்டுட்டியா?" என்று கேட்க ஆரம்பித்தவர் அவர்தான்.

இன்னொரு ரகசியச் சுகமும் அங்கே உண்டு. அந்தச் சத்தத்தில் எல்லோருமே "என்ன? என்னது?" என்று ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டிருக்க, ராமாமணிக்குத் திடல் முழுக்கப் பேச்சு கிடைக்கும். "அந்தச் செவப்புச் சொக்காய்க்காரப் பையன் மேல அந்த அம்மணி கோவமா இருக்கறா. நேத்து போனை எடுக்கலையாமா" என்று மகள் காதில் செய்தி வாசிப்பார். "சும்மா இரும்மா" என்று அவள் கையை அமுக்குவாள். "அட, செரியாப் போயிரும். பாரு, ஐஸ்கிரீம் வாங்கியாறான்."

இந்த வருடம் மட்டும் அவர் உற்சாகமாக வரவில்லை.

லோகப்பிரியாவுக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தது. உதய், அதே கம்பெனி, அவிநாசிக்காரன். இருவரும் பேசிப் பழகி, வீட்டில் சொல்லி, தை மாதத்துக்கு மண்டபமும் சொல்லியாகிவிட்டது. உதயின் அம்மா புவனா இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பேச்சே பிழைப்பு. பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கூடத்தில் ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் பேசினார்கள். சிலர் தட்டைப் பார்த்துப் பேசினார்கள், சிலர் தின்றுகொண்டே பேசினார்கள். மிஷின் விசிலடிக்கத் தொடங்க, ராமாமணி அதைக் கழற்றி ஒளித்துவிட்டார். புவனா என்னவோ கேட்டார். திரும்பவும் கேட்டார். மூன்றாம் முறைக்கு ராமாமணி "சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அதன் பிறகு புவனா போன் செய்தபோதெல்லாம் மகளோ பாலுசாமியோதான் எடுத்தார்கள்.

காது விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று ராமாமணி வீட்டில் கட்டளையே போட்டிருந்தார். "குடும்பத்துல வர்ற சீக்குன்னு நெனச்சுப்போடுவாங்க. கூடி வந்தது கெட்டுப்போயிரும். தாலி கட்டட்டும், பொறவு பாத்துக்கலாம்."

மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பதற்குத் தன் தங்கச்சியை ஏற்பாடு செய்திருந்தார். "நான் உள்ளுக்குள்ள பந்தியப் பாத்துக்கறேன். யாருங் கண்டுக்க மாட்டாங்க." லோகப்பிரியா அழுதாள், சோறு உண்ணாமல் இருந்து பார்த்தாள். பெற்ற தாய் வாசலில் நிற்காத கல்யாணம் தனக்கு வேண்டாம் என்றாள். ராமாமணி அசையவில்லை.

உதய்க்கு எல்லாம் தெரியும். லோகப்பிரியா முதலிலேயே சொல்லிவிட்டாள். யாரிடமும் சொல்வதில்லை என்று அவனிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள். ஆனால் அவன் அம்மா நாளுக்கு நாள் புழுங்கினார். "உங்க அத்தைக்கு நம்மளப் புடிக்கலையாட்ட இருக்குதப்பா. தறிக்குடோன்காரிங்கற நெனப்பு. நான் எதுக்கு அங்கெ போயி வாயக் கட்டிட்டு நிக்கோணும்?" சத்தியத்தை மீறாமல் இதைத் தீர்க்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, இன்னும் இரண்டு டிக்கெட் வாங்குவதுதான்.

சனிக்கிழமை வெயில் தாழ்ந்த நேரம். மேடையில் தவிலும் கிடாரும் சேர்ந்து வாசிக்கிற ஒரு குழு. புல்வெளியைக் கடந்து மகனோடு புவனா நடந்து வருவதை ராமாமணி பார்த்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேறு எங்கோ பார்த்தாள். ராமாமணியின் கை பர்ஸுக்குப் போனது. போய் என்ன செய்ய, இந்தச் சத்தத்தில் மிஷினை மாட்டினால் மண்டைதான் வெடிக்கும். ஓடுவதற்கும் இடமில்லை. ஒரு பக்கம் தடுப்பு, மறுபக்கம் ஆடுகிற கூட்டம்.

புவனா வந்ததும் வராததுமாக, எல்லோரும் செய்வதைப் போல, ராமாமணியின் காதோரம் குனிந்து கத்தினார்.

ராமாமணி என்ன நினைத்தாரோ, சம்பந்தியின் இரண்டு தோளையும் பிடித்து விலக்கித் தனக்கு நேர் எதிரே நிறுத்தினார். அவர் வாயையே உற்றுப் பார்த்தார். 'இப்பச் சொல்லுங்க' என்று புருவத்தால் கேட்டார்.

புவனா திகைத்துப் போனார். பிறகு வாயை நன்றாகத் திறந்து, "நீங்க... இந்த மாதிரிப் பாட்டெல்லாம்... கேப்பீங்களாங்க?" என்றார்.

ராமாமணி சிரித்தார். உதட்டை விரித்து, கையைச் சேர்த்து, நெஞ்சைத் தட்டிக்காட்டிச் சொன்னார். குரல் ஒரு துளியும் வெளியே வரவில்லை. ஆனால் புவனாவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. நெஞ்சுக்குள்ள தறி ஓடுதுங்க. நீங்களும் கையை வெச்சுப் பாருங்க. புவனா தடுப்பில் கையை வைத்தார். வாயைப் பிளந்தார். ஆமாங்க என்றார்.

அப்புறம் இரண்டு பாட்டுக்கு அவர்கள் நிறுத்தவே இல்லை. மண்டபத்துச் சாப்பாடு, சீர்த்தட்டு, உதய் சின்ன வயதில் கிணற்றில் விழுந்தது, லோகப்பிரியாவுக்குப் பாகற்காய் ஆகாதது. பக்கத்தில் நின்ற இருவருக்கும் ஒரு சொல் பிடிபடவில்லை.

"என்ன பேசறாங்க?" என்று கத்தினான் உதய்.

"தெரியல!" என்று கத்தினாள் லோகப்பிரியா.

மூன்றாவது பாட்டின் நடுவில் புவனாவின் முகம் மாறியது. "ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார். "அன்னிக்கு ஊட்டுக்கு வந்தப்ப மூணு தரம் கேட்டேன், பொண்ணுக்கு எந்த நெறத்துல சேலை எடுக்கலாம்னு. நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க. எத்தன போன் பண்ணுனேன். எங்களப் புடிக்கலைன்னாச் சொல்லிப்போடுங்க."

ராமாமணி பதிலுக்கு வாயெடுப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. கைதட்டல் ஓய்ந்து, அடுத்த குழு மேடை ஏறுவதற்கான இடைவெளி. சத்தம் நின்றதும் புவனா எல்லோரையும் போல ஆகிவிட்டார். குரலைத் தணித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேடைப்பக்கம் திரும்பி என்னவோ சொன்னார். உதடு தெரியவில்லை. ஓசைகூட எட்டவில்லை. பேசி முடித்துவிட்டு, பதிலுக்காகத் திரும்பினார்.

'சந்தோசமுங்க' ராமாமணியின் நுனிநாக்குக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அன்றைக்கும் தப்பித்திருக்கலாம். பின்னால் மகள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது அவருக்கு முதுகில் தெரிந்தது. பர்ஸின் ஜிப்பைத் திறந்தார். கைக்குட்டையைப் பிரித்து, மிஷினை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"எனக்குக் காது கேக்காதுங்க!"

தன் குரலின் உயரம் அவருக்குத் தெரியாது. மைக் இல்லாமலே அது கூட்டத்துக்குள் நெடுந்தூரம் போனது. தள்ளுவண்டிக் காளான் வறுவல் தட்டோடு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ராமாமணி நிறுத்தவில்லை. "தறிச் சத்தத்துல போனதுங்க. குடும்பத்துல வர்ற சீக்கில்லீங்க. எம் பொண்ணுக்குக் காது பாம்புக் காதுங்க. அவளுக்கு ஒரு கொறையும் இல்லீங்க!"

புவனா அந்த மிஷினைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். புவனா விறுவிறுவென்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து போய்விட்டார்.

"போயிட்டாங்க" என்றார் ராமாமணி. இரும்புத் தடுப்பு கையில் சில்லிட்டது. லோகப்பிரியா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். உதய் அம்மாவின் பின்னால் ஓடினான். புதுக் குழு மேடையேறி வாசிக்கவே தொடங்கிவிட்டது. ராமாமணி திரையைப் பார்க்கவில்லை. வந்த பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி பாட்டில் புவனா திரும்பி வந்தார். கையில் ஒரு தட்டு காளான், பின்னால் வந்த உதயின் கையில் இன்னொன்று. அழுதிருந்தது கண்ணில் தெரிந்தது. தட்டை ராமாமணியின் கையில் திணித்துவிட்டு, இம்முறை தானாகவே நேர் எதிரே வந்து நின்றார்.

"நாந்தான் லூசாட்டத் திமிருன்னு நெனச்சுப்போட்டேன்" என்று உதட்டை விரித்தார். "பையனும் சொல்லல பாருங்க, அவன வெச்சுக்கறேன்." பிறகு சிரித்தார். "நான் பாலிசின்னு வாயெடுத்தாலே ஆளுக ஆகாசத்தப் பாப்பாங்க, போனைப் பாப்பாங்க. இன்னிக்குத்தானுங்க நான் பேசப் பேச ஒருத்தர் என் மொகத்தையே பாத்துட்டு நின்னாங்க. சீக்காவது ஒண்ணாவது."

ராமாமணி தட்டை மகளிடம் கொடுத்தார். சீமந்தத்தில் இழவுச் செய்திக்குச் சந்தோஷம் சொன்ன கதையை முகத்தாலும் கையாலும் நடித்துக் காட்டினார். புவனா தடுப்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "மண்டபத்து வாசல்ல யாருங்க நிக்கறது?"

தங்கச்சி என்றார் ராமாமணி.

"அதெல்லாம் வேண்டாம். நீங்க நில்லுங்க. நான் ஒட்டி நிக்கறேன். யாராச்சும் துக்கஞ் சொன்னா உங்க கையை ஒரு அமுக்கு. சந்தோசஞ் சொன்னா ரெண்டு அமுக்கு. மிச்சத்த எங்கிட்ட உடுங்க. பேசறதுக்கு நானிருக்கறேன்."

ராமாமணி மகளைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் உதயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

புவனா ஊர் திரும்ப வேண்டியிருந்ததால், விளக்குகள் ஏற்றிய சிறிது நேரத்தில் நான்கு பேருமாகக் கிளம்பினார்கள். வண்டிகள் நின்ற தென்னந்தோப்பில் விளக்கே இல்லை. பாட்டு பின்னால் தேய்ந்து போய், காலடியில் ஓலை நொறுங்கியது. பிள்ளைகள் முன்னால் போய்விட்டார்கள். பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்த புவனா ஏதோ பேச ஆரம்பித்தார். ராமாமணி இருட்டில் அவர் பக்கம் முகத்தைத் திருப்பித் தடுமாறினார்.

புவனா சட்டென்று நின்றார். இரண்டடி முன்னால் போய் ராமாமணிக்கு நேர் எதிரே திரும்பினார். கைப்பையிலிருந்து போனை எடுத்து, டார்ச்சைப் போட்டு, வெளிச்சத்தைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கூசிய கண்களை இடுக்கியபடி வாயை அகலத் திறந்து கேட்டார்:

"நாளைக்கும் வரலாமுங்களா?"